ஆரபியும் தேவகாந்தாரியும் எங்கே பிரிகின்றன?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கீபோர்டு கற்றுக்கொள்கிறேன், அண்ணாச்சி. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் புத்தகத்தில் ஒரே ஆரோகணம், ஒரே அவரோகணம்தான் போட்டிருக்கிறது. வாசித்துப் பார்த்தாலும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது. அப்புறம் எதற்கு இரண்டு பெயர்? ஆரபி வீரம், தேவகாந்தாரி கருணை என்று வேறு எழுதியிருக்கிறது. அதே ஸ்வரங்களில் இரண்டு உணர்ச்சி எப்படி வரும்?"

தம்பி, புத்தகத்தில் தப்பு இல்லை. உங்கள் காதிலும் கோளாறு இல்லை. கீபோர்டில் அந்த வரிசையை ஏற்றி இறக்கினால் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். வித்தியாசம் தெரியவில்லை என்று தைரியமாக எழுதிவிட்டீர்கள். பலர் தலையை ஆட்டிவிட்டு, தெரிந்த மாதிரி போய்விடுவார்கள்.

முதலில் வரிசையை முடித்துவிடுவோம். இரண்டுமே 29ஆவது மேளமான, அதாவது ஏழு ஸ்வரமும் உள்ள தாய் ராகமான, தீரசங்கராபரணத்தின் ஜன்யங்கள், அதிலிருந்து பிறந்த ராகங்கள். ஏறும்போது ஸ ரி ம ப த ஸ, இறங்கும்போது ஸ நி த ப ம க ரி ஸ. ஒரு கட்டை சுருதியில் வாசித்தால் வெள்ளைக் கட்டைகளே போதும், கறுப்பைத் தொட வேண்டியதில்லை. சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், சதுச்ருதி தைவதம், காகலி நிஷாதம். ஏற்றத்தில் ஐந்து, இறக்கத்தில் ஏழு. வரிசையைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. இதை வைத்து ராகம் எந்த மேளத்தைச் சேர்ந்தது என்று சொல்லலாம், ராகத்தைப் பாட முடியாது.

இசைக்கு இலக்கணம் சொல்லும் பழைய லட்சண நூல்களில் ராகத்தை விவரிக்கும் முறையே வேறு. எந்த ஸ்வரத்தில் எடுப்பது, எதில் முடிப்பது, எதை அதிகம் புழங்குவது, எதைத் தொட்டும் தொடாமலும் விடுவது என்றுதான் பேசுவார்கள். கிரகம், நியாசம், அம்சம், அல்பத்வம், பஹுத்வம் என்ற சொற்களெல்லாம் அதற்காக வந்தவை. ஆரோகண அவரோகணமே ராகத்தின் முகம் என்கிற எண்ணம் பாடத்திட்டமும் பரீட்சையும் வந்தபின் வலுத்தது என்பது என் அபிப்பிராயம். கேள்வித்தாளில் கேட்க அது வசதி. 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைத் தெலுங்கு லிபியில் அச்சிட்டபோது வெறும் ஸ்வரத்தோடு நிறுத்தவில்லை. ஸ்வரத்துக்குக் கமகக் குறிகளும், அதாவது ஸ்வரம் எப்படி அசைய வேண்டும் என்று காட்டும் குறிகளும் போட்டு, ராகம் எப்படி நடமாடும் என்று காட்ட சஞ்சாரிகளும் சேர்த்தார். குறி இல்லாத ஸ்வரம் பாதி விஷயத்தைத்தான் சொல்லும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, இப்போது ராகத்துக்குள் போவோம். பக்கத்தில் வயலினோ, பாடத் தெரிந்த ஒருவரோ இருந்தால் நல்லது. இல்லையென்றால் நீங்களே முனகிப் பாருங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆரபியில் ரிஷபம் நேராக நிற்கும். துளிகூட அசையாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அசைவு அதன் குணம் இல்லை. ஸ-விலிருந்து ரி, ரி-யிலிருந்து ம, அங்கிருந்து ப என்று எட்டி எட்டிக் கால் வைக்கும். ஒரே ஸ்வரம் இரட்டையாக வரும் ஜண்டைத் தொடர்கள் அதற்கு ரொம்ப ஒத்துவரும்: ஏறும்போது 'ரி ரி ம ம ப ப', இறங்கும்போது 'த த ப ப ம ம'. காந்தாரத்தில் ஆரபி உட்காரவே உட்காராது. 'ம க ரி' என்று இறங்கும்போது காந்தாரம் மத்யமத்தை ஒட்டி ஒரு கணம் தலைகாட்டும், உடனே ரிஷபம் வந்துவிடும். நிஷாதத்துக்கும் அதே கதி. மேல் ஸட்ஜத்தை ஒட்டியே ஒலிக்கும். 'ஸ நி த' என்று பாடினார்களா, 'ஸ ஸ த' என்று பாடினார்களா என்று சில இடங்களில் சந்தேகமே வரும். ஆக, இறக்கத்தில் ஏழு ஸ்வரம் என்று எழுதியிருந்தாலும் ஆரபியில் உழைப்பது ஐந்துதான். மற்ற இரண்டும் கெஸ்ட் ரோல்.

தேவகாந்தாரியில் எல்லாம் மாறுகிறது. அங்கே ரிஷபத்தில் அகலமான, நிதானமான அசைவு உண்டு. மேலே இருக்கும் காந்தாரத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும். இந்த ஒரு ரிஷபத்தைச் சரியாகப் பிடித்தால் பாதி தேவகாந்தாரி கைக்கு வந்த மாதிரி. காந்தாரத்தில் தாராளமாக நீட்டி நிற்கலாம். நிஷாதத்திலும் நிற்கலாம், அதுவும் ஆரபியில் போல ஸட்ஜத்தோடு ஒட்டிக்கொண்டு இராமல் சற்றே இறங்கி ஒலிக்கும். ஏற்றத்தில் காந்தாரம் கிடையாது என்று புத்தகம் சொன்னாலும் 'ஸ ரி க ம' என்ற பிடி இந்த ராகத்தில் வழங்குகிறது. வரிசைப்படி பார்த்தால் அது தப்பு. காதுக்கு அதுதான் தேவகாந்தாரி.

இப்படி ராகத்தின் உயிரைத் தாங்கும் ஸ்வரத்தை ஜீவஸ்வரம் என்பார்கள். ராகத்தைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும் சின்னத் தொடரைப் பிடி என்பார்கள். நன்றாகக் கேட்டுப் பழகியவர்கள் இரண்டு விநாடியில் ராகத்தின் பெயரைச் சொல்கிறார்களே, அவர்கள் மனசுக்குள் ஆரோகணத்தை எண்ணிக்கொண்டு இருப்பதில்லை. பிடி காதில் விழுந்ததும் பெயர் வந்துவிடும். பின்னாலிருந்து நடையைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கிற மாதிரி.

இந்த இரண்டோடு சுத்தசாவேரியையும் சேர்த்துக் கேட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். சுத்தசாவேரிக்கு ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஸ ரி ம ப த ஐந்தே ஸ்வரம். ஆரபியின் ஆரோகணமும் சுத்தசாவேரியின் ஆரோகணமும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஆரபியில் இறங்கும்போது வந்து போகும் அந்த காந்தாரத்தையும் நிஷாதத்தையும் துடைத்துவிட்டால் கிட்டத்தட்ட சுத்தசாவேரிக்குள் விழுந்துவிடுவோம். கெஸ்ட் ரோல் என்று சொன்னேனே, அவற்றின் வேலை இப்போது தெரிகிறதா? இல்லாத மாதிரி இருந்துகொண்டே ஆரபியை ஆரபியாக வைத்திருக்கின்றன. ஒரு ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்பதற்கும் அது எவ்வளவு முக்கியம் என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்த ஒப்பீட்டைக் கேட்டுப் பார்க்க நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நவராத்திரிக்கு பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருப்பீர்கள். 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் களியக்காவிளை தாண்டிப் போகிற அந்தப் பயணம் நிற்கவில்லை. சரஸ்வதி அங்கே கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் கொலுவிருக்க, ஒன்பது நாளும் மாலையில் கச்சேரி. ஒவ்வொரு நாளும் திருவிதாங்கூர் மன்னர் ஸ்வாதித் திருநாளின் ஒரு நவராத்திரி கிருதிதான் பிரதானம். முதல் நாள் சங்கராபரணத்தில் 'தேவி ஜகஜ்ஜனனி', ஏழாம் நாள் சுத்தசாவேரியில் 'ஜனனி பாஹி', ஒன்பதாம் நாள் ஆரபியில் 'பாஹி பர்வதநந்தினி'. முதல் நாள் தாய் ராகம், ஏழாம் நாள் ஐந்தே ஸ்வரம், ஒன்பதாம் நாள் அதே ஐந்தோடு இரண்டு விருந்தாளிகள். ஸ்வாதித் திருநாள் இந்தக் கணக்கை மனசில் வைத்துத்தான் அமைத்தார் என்று நான் சொல்லவில்லை. கேட்கிறவருக்கு நல்ல பாடம் என்கிறேன். அங்கே கைதட்டல் கிடையாது. ஆலாபனைக்குப் பின் 'தா நம்' என்ற அசைகளில் துள்ளலாகப் பாடும் தானத்துக்கு மிருதங்கமும் கூடவே வாசிக்கும் வழக்கம் உண்டு. ஆரபியில் அதைக் கேட்டால் அந்த ராகம் ஏன் தானத்துக்கென்றே பிறந்த மாதிரி இருக்கிறது என்று புரியும்.

பேச்சோடு பேச்சாக ஒன்று. அந்த மண்டபத்தில் நெடுங்காலம் பெண்கள் பாட அனுமதி இல்லை. 2006இல் முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள், அப்போது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதே பாறசாலைதான். அவர் பாடிய பதிவுகள் கிடைத்தால் விடாதீர்கள். அலட்டல் இல்லாத பாட்டு, ராகத்தின் எல்லை எங்கே என்பது சந்தேகம் இல்லாமல் தெரியும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அதுதான் சிக்கலானது.

முதலில் ஒரு சோதனை. ஆரபியை வேண்டுமென்றே மெதுவாகப் பாடிப் பாருங்கள். கொஞ்சம் வெறிச்சென்று இருக்கும், ஆனாலும் ரிஷபம் நேராக நிற்கிற வரை ஆரபிதான். இப்போது தேவகாந்தாரியை வேகமாகப் பாடிப் பாருங்கள். ரிஷபத்தின் அகலமான அசைவுக்கு நேரம் போதாது. காந்தாரத்தில் நிற்க முடியாது. இரண்டும் போனதும் ஆரபி எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். அதாவது ஆரபி எந்தக் காலத்திலும் பிழைத்துக்கொள்ளும், தேவகாந்தாரிக்கு விளம்பம், அதாவது மெதுவான நடை, வேண்டும். இந்த மெதுவும், அசைவும், நீட்டலும் சேர்ந்து ஒரு கெஞ்சலுக்கு, ஒரு ஏக்கத்துக்கு இடம் கொடுக்கின்றன. அதனால்தான் தியாகராஜர் 'க்ஷீரசாகர சயன'வில் முறையிட இந்த ராகத்தை எடுத்தார் என்று நினைக்கத் தோன்றுகிறது. பாற்கடலில் படுத்திருப்பவனே, என்னைக் கவலையில் விடலாமா என்று கேட்டு, கஜேந்திரனையும் திரௌபதியையும் சாட்சிக்கு இழுக்கிறார். கோபாலகிருஷ்ண பாரதியின் 'எந்நேரமும் உந்தன் சந்நிதியிலே'யும் தேவகாந்தாரிதான். அதுவும் ஒரு வேண்டுதல். ஆக, கருணை என்று உங்கள் புத்தகம் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

ஆரபி வீரம் என்பதில் அந்த அளவு நியாயம்கூட இல்லை. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ இந்த ஐந்தும் கன ராகங்கள். தானத்துக்குப் பேர்போனவை. நேரான ஸ்வரங்கள், தாவல்கள், வேகத்தில் கலையாத உருவம் இதெல்லாம் சேர்ந்து ஆரபிக்கு ஒரு கம்பீரம் தருகின்றன. கம்பீரத்தை யாரோ வீரம் என்று எழுதிவிட்டார்கள், பின்னால் வந்தவர்கள் அதையே நகலெடுத்தார்கள். தியாகராஜரின் பஞ்சரத்தினங்களில் ஆரபிக் கிருதியான 'சாதிஞ்செனே'யை எடுத்துப் பாருங்கள். அதில் எங்கே வீரம்? நினைத்ததைச் சாதித்துக்கொண்டான், சமயத்துக்குத் தக்கபடி பேசினான் என்று கிருஷ்ணனைச் செல்லமாகத் திட்டுகிற பாட்டு. நிந்தாஸ்துதி. திட்டும் குறும்பும் பக்தியும் கலந்திருக்கின்றன, ஆரபி எல்லாவற்றையும் தாங்குகிறது. 'பாஹி பர்வதநந்தினி' அம்மனைக் காப்பாற்று என்று கேட்கிற பாட்டு. அதுவும் வேண்டுதல்தான், ஆனால் தேவகாந்தாரியின் கெஞ்சல் அதில் இல்லை. நிமிர்ந்து நின்று கேட்கிற மாதிரி இருக்கும்.

இந்த 'ராகம், ரசம்' பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. முகாரியைச் சொன்னாலே ஒப்பாரி என்பார்கள். நம் வடிவீஸ்வரத்தில் பிறந்த நீலகண்ட சிவனின் 'என்றைக்கு சிவகிருபை வருமோ' முகாரிதான், உருக்கமான பாட்டுதான், சரி. ஆனால் அதே முகாரியில்தான் தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று ஆச்சரியப்பட்டு 'எந்தனினே' பாடினார். 'சங்கீத சாஸ்திர ஞானமு'வும் முகாரி, சங்கீத அறிவின் பெருமையைச் சொல்கிற பாட்டு. அழுகை எங்கே? ஆஹிரியைக் காலையில் பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று ஒரு பேச்சு உண்டு. இது உண்மையென்றால் காலையில் ஆஹிரி சாதகம் பண்ணிய எத்தனையோ பேர் பட்டினி கிடந்திருக்க வேண்டும்.

அதற்காக ராகத்துக்கு உணர்ச்சியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கோயிலில் காலை நாகஸ்வரத்தில் பூபாளமும் பௌளியும், பள்ளியறை நேரத்தில் நீலாம்பரியும் என்று தலைமுறைகளாகக் கேட்டிருக்கிறோம். நீலாம்பரி கேட்டால் கண் சொக்குவதற்கு ஸ்வரம் பாதிக் காரணம், அந்த நேரமும் அந்த இருட்டும் பாதிக் காரணம். ஆனால் தாலாட்டுக்கு நீலாம்பரிதான் வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. இரயிம்மன் தம்பி குழந்தை ஸ்வாதித் திருநாளுக்காகப் பாடியதாகச் சொல்லும் 'ஓமனத்திங்கள் கிடாவோ' குறிஞ்சியில் வழங்குகிறது, நவரோஜிலும் பாடுகிறார்கள். மலையாளம், தமிழ் என்று பார்க்காமல் நம் பக்கத்து வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள் அதைக் கேட்டுத் தூங்கியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு ராகங்களையும் கவனியுங்கள். குறிஞ்சியும் நவரோஜும் அதே 29ஆவது மேளத்தின் பிள்ளைகள். ஆரபி, தேவகாந்தாரியில் இருக்கும் அதே வெள்ளைக் கட்டைகள். ஆனால் குறிஞ்சி கீழே நிஷாதம் வரை இறங்கும், மேலே தைவதத்தோடு நின்றுவிடும். மேல் ஸட்ஜத்துக்குப் போகாது. நவரோஜ் இன்னும் தாழ்ந்து, கீழ்ப் பஞ்சமத்துக்கும் நடுப் பஞ்சமத்துக்கும் நடுவிலேயே சுற்றும். இரண்டையும் பெரும்பாலும் மத்யம சுருதியில், அதாவது மத்யமத்தையே ஸட்ஜமாக வைத்துக்கொண்டு, பாடுவார்கள். உச்சத்துக்கு ஏறாத ராகத்தில் யாரும் கத்த முடியாது. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட இதைவிடத் தோதான அமைப்பு வேறு என்ன? ஒரு ராகத்தின் உணர்ச்சியைப் பற்றி யோசிக்கும்போது ஸ்வரங்களோடு அது எந்த உயரத்தில் நடமாடுகிறது, எங்கே இளைப்பாறுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பல புதிர்கள் அங்கேயே அவிழும்.

பாடுகிறவரின் போக்கும் இருக்கிறது. பாலக்காட்டு மஞ்சப்ராவில் பிறந்த எம்.டி. ராமநாதன் எதையும் நிதானமாக, தாழ்ந்த சுருதியில் பாடுவார். அவருடைய சஹானா ராகத்தைக் கேட்டுவிட்டு வேறொருவரின் சஹானாவைக் கேளுங்கள். பிடிகள் எல்லாம் அதேதான் இருக்கும், ஆனால் மனசு போகிற இடம் வேறு. அப்படியென்றால் அந்த உணர்ச்சி சஹானாவுடையதா, அவருடையதா? என்னைக் கேட்டால், ராகம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வை எவ்வளவு தூரம் கொண்டு போவது என்பது சாகித்யத்தையும் (பாட்டின் சொற்கள்), காலப்பிரமாணத்தையும் (பாடும் வேகம்), பாடுகிறவரையும் பொறுத்தது.

கடைசியாக உங்கள் கீபோர்டு. ஆரபியை அதில் ஓரளவு மரியாதையாக வாசித்துவிடலாம். ஸ்வரங்கள் நேராக நிற்பதால் கட்டை அதற்கு உடன்படும். 'ம க ரி'யில் காந்தாரத்தை அழுத்தாமல் தட்டிவிட்டுப் போங்கள், 'ஸ நி த'விலும் அப்படியே. தேவகாந்தாரியின் ரிஷபத்துக்கு அந்தப் பெட்டியில் இடம் இல்லை. ரி, க இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றித் தட்டினால் காலிங் பெல் மாதிரி கேட்கும், கமகம் ஆகாது. இடது கைப் பக்கம் பிட்ச் வீல் இருந்தால் அதை வைத்துச் சிலர் சாமர்த்தியமாகச் சமாளிக்கிறார்கள். ஆனால் வாயால் பாட வராத கமகம் வீலிலும் வராது. அதனால் தேவகாந்தாரியை முதலில் தொண்டையில் கற்றுக்கொள்ளுங்கள். வயலின் அல்லது வீணை வாசிக்கிற ஒருவரிடம் அந்த ரிஷபத்தை மட்டும் காட்டச் சொல்லிக் கேளுங்கள், விரல் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

வரிசை இப்படி இருக்கட்டும். ஆரபியில் 'ரே ரே ஸ்ரீராம' கீதத்தைப் பாடமாக்குங்கள். அது வந்ததும் 'பாஹி பர்வதநந்தினி'. சில மாதம் ஆரபியிலேயே இருந்துவிட்டு, அப்புறம் 'எந்நேரமும்'. தமிழ்ப் பாட்டு என்பதால் எங்கே நீட்ட வேண்டும் என்று சொல்லே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிப் பழகாதீர்கள், ஒன்றின் ரிஷபம் மற்றதில் ஒட்டிக்கொள்ளும். தர்பார், நாயகி என்று இன்னொரு ஜோடி இருக்கிறது. யாராவது அதைச் சொல்லி ஆசை காட்டினால் இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். அந்தத் தலைவலி அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும்.